இருமுறை பெயர்ந்த தண்டவாளம்: உசிலம்பட்டியும் போடி ரயிலும்

மதுரையை அடுத்த பசுமலையை ஒட்டித் தெற்கே போகும் ரயில் பாதைக்கு வயது நூற்றைம்பது ஆகிவிட்டது. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம், திருமங்கலம், விருதுநகர் வழியாகத் தூத்துக்குடி வரை 1876 ஜனவரியில் அதில் ரயில் ஓடத் தொடங்கியது. பஞ்சம், இரண்டு உலகப் போர்கள், மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்த காலம் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. 'இந்தப் பாதை தேவையா?' என்று மட்டும் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

அதே மதுரைச் சந்திப்பிலிருந்து இன்னொரு பாதை மேற்கே திரும்புகிறது. நாகமலைக்குத் தெற்கே வடபழஞ்சி வழியாகப் போய், உசிலம்பட்டியைத் தொட்டு, கணவாய் ஏறி ஆண்டிபட்டிக்கு இறங்கி, தேனி வழியாகப் போடிநாயக்கனூரில் முடிகிறது. நீளம் 90 கிலோமீட்டர். 1928இல் திறந்தார்கள். 1942இல் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1950களின் முற்பாதியில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு மறுபடி மூடினார்கள். 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் ரயில் திரும்ப வந்தது. திறந்த நாளிலிருந்து எண்ணினால், முதல் தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் ஏறத்தாழக் கால்வாசிக் காலம் இந்தப் பாதையில் ரயிலே இல்லை.

இந்தப் பாதையில் இருக்கும் உசிலம்பட்டி, மதுரையிலிருந்து 37 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிறு நகரம். 2011 கணக்கெடுப்பின்படி 35 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். சுற்றிலும் மானாவாரி நிலம், ஆட்டுச்சந்தை, பூ வியாபாரம், பேருந்து நிலையம், ஒரு ரயில் நிலையம். இப்படிப்பட்ட ஊரின் வரலாற்றை ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது என்று இரண்டே வரியில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உசிலம்பட்டி அந்தக் கதைக்குள் அடங்காது. ரயிலுக்கு முன்பே அது சந்தையூர். ரயில் இரண்டு முறை போன பிறகும் சந்தையூராகவே நின்றது. அதன் விதியை எழுதியவை வேறு: தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பியது, சட்டம் யாரை நடமாட விட்டது, கால அட்டவணையை யார் போட்டார்கள் என்பவைதான் அவை.

ரயில் பெற்ற ஊரும் ரயில் கண்ட ஊரும்

ரயில் ஊரைப் பெற்றெடுத்த இடங்கள் உலகில் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சமவெளி நல்ல உதாரணம். அங்கே பாதை போடுவதற்காக 1850இல் நடுவண் அரசு கொடுத்த ஏறத்தாழ 26 லட்சம் ஏக்கர் நிலம், இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே நிறுவனத்தின் கைக்கு வந்தது. நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஸ்டேஷன்தோறும் ஒரே வரைபடத்தை விரித்து, மனை அளந்து ஊர்களை விற்றார்கள். தெருப் பெயர்கள்கூட ஊருக்கு ஊர் மாறவில்லை. அந்த நிலத்தின் பூர்வகுடிகள் அதற்கு முன்பே விரட்டப்பட்டிருந்தார்கள். ஆகவே முதலில் தண்டவாளம், பிறகு ஊர், அதன் பிறகு கோதுமையும் மக்காச்சோளமும் என்ற வரிசை அங்கே சாத்தியமாயிற்று. ரயிலை எடுத்துவிட்டால் அத்தகைய ஊருக்கு உயிர் இல்லை.

மதுரைச் சமவெளியில் அந்த வரிசை தலைகீழ். வயலும் கண்மாயும் சந்தையும் வண்டிப்பாதையும் பல நூற்றாண்டுகளாக இருந்தன. ரயில் அவற்றின் நடுவே தன் வசதிக்கு ஏற்ற கோட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கோட்டின் மேல் விழுந்த ஊர்களுக்கு ஒரு கணக்கு, விழாத ஊர்களுக்கு வேறு கணக்கு. உசிலம்பட்டி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோட்டுக்கு வெளியே இருந்தது.

மேட்டு நிலம்

கிழக்கே நாகமலை, மேற்கே ஆண்டிபட்டி மலைத்தொடர். இரண்டுக்கும் இடையில் உசிலம்பட்டி வட்டாரம் மேடாகக் கிடக்கிறது. வைகை இதற்கு வடக்கே தாழ்வான தடத்தில் ஓடுகிறது. ஆறு பக்கத்தில் இருந்தும் அதன் நீர் இந்த மேட்டில் ஏறாது. மழை பெய்தால் மலையோடைகள் கண்மாய்களை நிரப்பும். இல்லையென்றால் கிணறும் கமலையும்தான். கரிசலும் செவலும் கலந்த மண்ணில் சோளம், கம்பு, குதிரைவாலி, சாமை, துவரை, மொச்சை, பருத்தி. வெள்ளாமை பொய்த்த ஆண்டில் ஆடும் மாடும் கைகொடுக்கும். இந்த ஊரில் ஆட்டுச்சந்தை செழித்ததற்குப் பின்னால் வறண்ட நிலத்தின் நியாயம் இருக்கிறது: மழை தவறினால் பயிர் கருகும், ஆடு நடந்தே சந்தைக்கு வந்துவிடும்.

இந்த வட்டாரத்தில் பெருந்தொகையாக வாழ்பவர்கள் பிறமலைக் கள்ளர். எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமங்கள் என்பது அவர்களுடைய பழைய அமைப்பு. ஊர்க்காவல் அவர்களின் தொழில்களில் ஒன்று. சுற்றுவட்டார ஊர்கள் காவலுக்குக் கூலி கொடுத்தன. களவு போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்டன. இதைக் காவல் என்பதா, மிரட்டல் என்பதா என்ற வாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. கம்பெனி ஆட்சியும் அதன் பின் வந்த பிரிட்டிஷ் அரசும் காவல் தங்கள் போலீசின் வேலை என்று முடிவு செய்தபோது, நிலம் வறண்ட ஒரு சமூகத்தின் கையிலிருந்த மாற்று வருமானம் குற்றமாக மாறியது. ரயில் கதைக்கு இது ஏன் தேவை என்பது பின்னால் தெரியும்.

கோட்டுக்கு வெளியே ஐம்பது ஆண்டு

திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் 1875இல் வந்தது. அடுத்த சில மாதங்களில் தூத்துக்குடிக்கு நீண்டது. போட்டது தென்னிந்திய ரயில்வே. கிரேட் சதர்ன், கர்நாட்டிக் என்ற இரண்டு கம்பெனிகள் 1874இல் சேர்ந்து உருவானது அது. பாதை தெற்கே போனதற்குக் காரணம் தெளிவு. துறைமுகம் தூத்துக்குடியில், வழியெங்கும் கரிசல் பருத்தி. ஹார்வி சகோதரர்களின் நூற்பாலைகள் தூத்துக்குடியிலும் மதுரையிலும் எழுந்தது இந்தப் பாதையை நம்பித்தான். மதுரை மில் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே எழும்பியது. ஆலையின் வெள்ளைக்கார அதிகாரிகள் பசுமலைக் குன்றின் மேல் பங்களாவில் குடியிருந்தார்கள்.

பசுமலைக்கு ரயிலுக்கு முன்பே கல்வி வந்துவிட்டது. அமெரிக்க மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு இடம் மாறியது. அதிலிருந்து வளர்ந்த கல்லூரிதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்குள் போய் அமெரிக்கன் கல்லூரி ஆயிற்று. பள்ளி, அச்சகம், நெடுஞ்சாலை, ரயில், ஆலை என்று ஒன்றின் மேல் ஒன்றாக பசுமலைப் பக்கம் சேர்ந்துகொண்டே இருந்தன. அங்கிருந்து மேற்கே ஒருநாள் வண்டிப் பயணத்தில் இருந்த உசிலம்பட்டிக்கு இவற்றில் ஒன்றும் எட்டவில்லை.

ரயில் வந்த மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. தண்டவாளத்தின் ஓரத்து ஊர்களுக்குத் தானியம் வந்து இறங்கியது. இறங்கிய மூட்டையை உள்நாட்டுக்கு இழுக்க மாடு வேண்டும். பஞ்சத்தில் புல்லும் வைக்கோலும் அற்றுப்போய் முதலில் செத்தவை மாடுகள். ரயில் பஞ்சத்தைத் தீர்க்கும் என்று அன்றைய அதிகாரிகள் நம்பினார்கள். ஸ்டேஷனுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்தவனுக்கு அந்த நம்பிக்கையால் ஒரு படி அரிசி கூடுதலாகக் கிடைத்திருக்காது.

இருபது ஆண்டுகள் கழித்து இரண்டாவது கோடு விழுந்தது. இம்முறை அது தண்ணீர். ஜான் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, வைகையில் சேர்ந்து, பேரணையிலிருந்து வாய்க்கால் வழியே மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் கண்டது. மேலூர் வட்டாரம் பச்சையானது. உசிலம்பட்டி மேடு இரண்டுக்கும் நடுவே காய்ந்து கிடந்தது. மதுரைச் சீமையின் வேளாண்மை வரலாற்றில் 1895 ஒரு பொன்னாண்டு என்று எழுதுவார்கள். அதே ஆண்டில்தான் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களுக்கு இடையே பெரிய பள்ளம் விழுந்தது.

ரேகைச் சட்டத்தின் நடுவே ஒரு ரயில்

குற்றப் பழங்குடிகள் சட்டம் வட இந்தியாவில் 1871இல் பிறந்தது. 1911இல் திருத்தப்பட்ட வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளரில் முதலில் அதன் கீழ் அறிவிக்கப்பட்டவர்கள் கீழக்குயில்குடிக்காரர்கள், ஆண்டு 1914. சமணர் மலையடிவாரத்து ஊர் அது; பசுமலையிலிருந்து சில மைல் தூரம்தான். நான்கைந்து ஆண்டுகளில் சட்டம் முழுச் சமூகத்தின் மேலும் விரிந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பதிவான ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போவதென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பல ஊர்களில் இரவைக் காவல் நிலையத்திலோ சாவடியிலோ கழிக்க வேண்டியிருந்தது. குற்றம் செய்தவனுக்கு மட்டும் உரிய தண்டனை அன்று இது. பிறப்புக்கே விதித்த தண்டனை.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படக் குறைந்தது 16 பேர் உயிரிழந்தார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். அவரை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை இட்ட குடும்பங்களும் உண்டு. துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டத்தை விரிவாக்கியது. பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கைத்தொழில் பயிற்சி எல்லாம் வந்தன. அன்று வேரூன்றிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருநூற்றுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. அடக்குமுறையின் மறுகையாக வந்த பள்ளிக்கூடம், சட்டம் ஒழிந்த பிறகும் தங்கி, பல தலைமுறைகளைப் படிக்க வைத்தது.

இந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான், 1928இல், உசிலம்பட்டிக்கு ரயில் வந்தது. சட்டம் 1947இல்தான் நீங்கியது. முதல் ரயிலுக்கும் சட்டத்தின் கடைசி நாளுக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள். ஊரைத் தாண்டிப் போக அனுமதி கேட்க வேண்டிய மனிதர்களின் நிலத்தின் மேல் தூரத்தைச் சுருக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரயிலின் வரலாற்றை மைல் கணக்கிலும் வருமானக் கணக்கிலும் எழுதுகிறவர்கள், அதில் யார் ஏற முடிந்தது என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள். உசிலம்பட்டியில் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாதை யாருக்காக வந்தது?

1928 பாதையின் முனை போடி. அதன் நோக்கமும் அங்கேதான் இருந்தது. போடிக்கு மேலே ஏல மலை, அதற்கும் மேலே மூணாறின் தேயிலைத் தோட்டங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயில் இருந்தது. குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப்பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. கயிற்றுப்பாதை மட்டும் தொடர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துச் சமவெளி ரயில் போடியைத் தொட்டது. அதற்கு முன் கம்பம் பள்ளத்தாக்கின் சரக்கு மாட்டுவண்டியில் அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. இன்று கொடைக்கானல் ரோடு என்று நாம் அறியும் நிலையம் அது.

ஆக, தேயிலை, ஏலக்காய், மரம், பள்ளத்தாக்கின் நெல், பருத்தி ஆகியவற்றைத் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் கொண்டுசேர்க்கும் பாதையில் உசிலம்பட்டி ஒரு வழியூர். வழியூராக இருப்பதிலும் லாபம் இல்லாமல் இல்லை. பருத்தி மூட்டைக்கும் கடலை மூட்டைக்கும் வண்டிச் சத்தம் குறைந்தது. மதுரைக்குத் தினமும் போய்வரும் வழி பிறந்தது. ஆனால் பாதையின் லாப நட்டக் கணக்கை உசிலம்பட்டியின் சரக்கு தீர்மானிக்கவில்லை.

பாதை பிறந்த நேரமும் சரியில்லை. மறு ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் தொடங்கி விளைபொருள் விலைகள் விழுந்தன. அதே காலத்தில் சாலையில் ஒரு போட்டியாளன் வளர்ந்துகொண்டிருந்தான். டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனமும் மற்ற பேருந்து முதலாளிகளும் மாவட்டத்தின் சாலைகளை நிறைத்தார்கள். ரயில்–பேருந்துப் போட்டி நாடு முழுவதற்குமான தலைவலியாகி, 1930களின் தொடக்கத்தில் மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கையும், 1937இல் வெட்ஜ்வுட் குழு அறிக்கையும் வந்தன. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் பின்னாலும் இந்தப் போட்டிதான் இருந்தது. மதுரை–தேனி சாலை ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே போகிறது. பேருந்து சந்தை வாசலில் ஏற்றி வீட்டு முக்கில் இறக்கியது. பிறக்கும்போதே முதுமை தட்டிய பாதை இது என்று சொன்னால் மிகையாகாது.

1942: இரும்பு போன கதை

இரண்டாம் உலகப் போரில் ரயில்வேக்குத் தண்டவாளம் தேவைப்பட்டது. புதிய இரும்பு போருக்குப் போய்க்கொண்டிருந்ததால், வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைக் கழற்றி எடுப்பது என்று முடிவாயிற்று. மதுரை–போடி பாதை 1942இல் போயிற்று. சொரனூர்–நிலம்பூர், திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி முதலிய பாதைகளும் போர்க்காலத்தில் இதே கதியை அடைந்தன. பதினான்கு ஆண்டு ஓடிய ரயிலுக்குப் பிறகு உசிலம்பட்டியில் மிஞ்சியது ஜல்லி மேடும் காலி நிலையக் கட்டடங்களும்.

ரயில் இல்லாத அந்த இடைவெளியில்தான் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இந்த வட்டாரத்துக்கு வந்தார். 1949–50இல் பிறமலைக் கள்ளரிடையே தங்கி அவர் செய்த களப்பணி, 1957இல் பாரிசில் பெரும் நூலாக வெளிவந்தது. உலகச் சமூகவியல் வகுப்பறைகளில் சாதி பற்றி அரை நூற்றாண்டு நடந்த வாதங்களுக்கு அந்தக் களமும் ஒரு வித்து. சட்டம் நீங்கி இரண்டே ஆண்டுகள் ஆன, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ஒரு வறண்ட மேட்டைத் தேடி உலகின் கவனம் வந்தது. ரயில் வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

சுதந்திரத்துக்குப் பின், 1951இல் தெற்கு ரயில்வே உருவானது. போரில் பெயர்த்த பாதைகளில் சிலவற்றைத் திரும்பப் போட்டார்கள். நிலம்பூருக்கும் போடிக்கும் அந்த அதிர்ஷ்டம் கிட்டியது. 1953–54 வாக்கில் இரண்டிலும் ரயில் திரும்ப ஓடியது. கிருஷ்ணகிரிக்கு அது கிட்டவில்லை. மாவட்டத் தலைநகராகிய பிறகும் அந்த ஊருக்கு ரயில் கிடையாது. மலைச்சரக்கு என்ற வலுவான காரணம் போடிப் பாதைக்கு இருந்தது. உசிலம்பட்டி இங்கும் அந்தக் காரணத்தின் நிழலில்தான் பிழைத்தது.

மீட்டர்கேஜ் நாட்களும் நீண்ட மௌனமும்

அடுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓடியது மெதுவான ரயில். 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானதும் பேருந்துகள் ஊர் ஊராகப் பெருகின. அவசரமுள்ளவர்கள் பேருந்தில் போனார்கள். காசை எண்ணிச் செலவு செய்கிறவர்களும், கூடை சுமந்து போகிறவர்களும், பேருந்து வயிற்றைப் புரட்டும் என்பவர்களும் ரயிலில் போனார்கள். ஏலக்காய் மெல்ல மெல்ல லாரிக்கு மாறியது. போடியில் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில் நடக்கிறது. மூட்டை சாலையில் போகிறது. எந்தச் சரக்கைக் காட்டிப் பாதை போட்டார்களோ அது பாதையை விட்டுப் போய்விட்டது. கடைசிவரை ரயிலோடு ஒட்டியிருந்தவர்கள், யாரை மனத்தில் வைத்து அது போடப்படவில்லையோ அந்தக் குறைந்த கட்டணப் பயணிகள்.

1992இல் ரயில்வே நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்ற திட்டத்தைத் தொடங்கியது. மதுரையைச் சுற்றியிருந்த பாதைகள் ஒவ்வொன்றாக 1,676 மில்லிமீட்டருக்கு விரிந்தன. போடிப் பாதை மட்டும் ஒரு மீட்டர் அகலத்திலேயே நின்றது. அதன் வண்டிகள் மதுரையைத் தாண்ட முடியாது. மற்ற வண்டிகள் அதில் நுழைய முடியாது. 2010 கடைசி நாளோடு ரயில் நின்றபோது, சில ஆண்டுகளில் அகலமாகத் திரும்பும் என்ற உறுதி இருந்தது. நிதி துளித்துளியாக வந்தது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே கணவாய்ப் பாறையை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. மதுரை–உசிலம்பட்டி சோதனை ஓட்டம் 2020இல்தான் நடந்தது. 2022 மே 26ஆம் தேதி தேனி வரையிலான 75 கிலோமீட்டரைப் பிரதமர் தொடங்கிவைத்தார். செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூன் 15 முதல் போடி வரை ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் நேரடி வண்டியும் அன்று தொடங்கியது. போர் பறித்த பாதை திரும்பக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு ஆண்டு. அமைதிக் காலத்தில் அகலப்படுத்த மூடிய பாதை திரும்பவும் அதே அளவு காலம். ஒரு சிறு ஊரின் வரிசை எண் எங்கே இருக்கிறது என்பதை இந்த ஒப்பீட்டுக்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எட்டரை மணியும் அறுபத்தேழு அடியும்

2022இல் ரயில் திரும்பியபோது நாளுக்கு ஒரு வண்டி. அது மதுரையில் காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டுத் தேனிக்குப் போனது. மாலையில் தேனியிலிருந்து மதுரைக்குத் திரும்பியது. மதுரையில் தங்கித் தேனியில் வேலை பார்ப்பவருக்கு வசதி. உசிலம்பட்டியிலிருந்து காலையில் மதுரைக்குப் போக வேண்டியவர்கள் பல மடங்கு அதிகம். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட், கட்டட வேலை, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் எல்லாம் அந்தப் பக்கம். அவர்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில் ரயில் எதிர்த்திசையில் வந்தது. அரசு 500 கோடி செலவு செய்தது உண்மை. அந்தச் செலவு ஒரு பூக்காரருக்குப் பயன்படுமா என்பதை ஒரு கால அட்டவணை முடிவு செய்தது என்பதும் உண்மை.

தண்ணீரிலும் இதே கதைதான். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் ஊரிழந்தவர்களின் துயரம் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலுக்கு அடிப்படை. அணை பக்கத்தில் வந்தும் உசிலம்பட்டி மேட்டுக்கு நீர் வரவில்லை. அணையிலிருந்து 58 கிராமங்களின் கண்மாய்களுக்குக் கால்வாய் வேண்டும் என்ற கோரிக்கை பல தலைமுறைகளாக ஒலித்தது. தேர்தல்தோறும் வாக்குறுதியாகி, போராட்டமாகி, கடைசியில் கட்டி முடிந்து 2018இல் சோதனையாக நீர் விட்டார்கள். உசிலம்பட்டி, நிலக்கோட்டை வட்டங்களில் சுமார் 2,285 ஏக்கர் பயன்பெற வேண்டும் என்பது திட்டம். ஆனால் கால்வாயின் தலைமதகு உயரத்தில் இருப்பதால், 71 அடி வரை நீர் தேக்கும் அணையில் நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் இங்கே திறக்க முடியும். நல்ல மழை ஆண்டில் மிஞ்சிய நீர் வரும். தேவை அதிகமாக இருக்கும் வறட்சி ஆண்டில் வராது.

எட்டரை மணியும் அறுபத்தேழு அடியும் பொறியியல் எண்கள். இரண்டுக்கும் பொறியியல் காரணங்கள் உண்டு. மதுரையில்தான் பெட்டிகளை நிறுத்திப் பராமரிக்க இடம் இருக்கிறது. கீழ்நிலப் பாசனக்காரர்களுக்குப் பழைய உரிமை இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், இத்தகைய எண்கள் ஒவ்வொரு முறையும் இந்த மேட்டுக்கு எதிராகவே விழுந்திருக்கின்றன. 1876இன் பாதை தெற்கே போனது பருத்திக்காக. 1895இன் நீர் வடக்கே போனது நிலத்தின் சரிவுக்காக. 1928இன் ரயில் வந்தது மலைக்காக. 1942இல் போனது போருக்காக. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் சொல்லலாம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் வேறொரு நியாயமின்மை தெரிகிறது. அதற்கு எந்த ஒரு பொறியாளரும் பொறுப்பாளி இல்லை. முடிவெடுக்கும் மேசையில் உசிலம்பட்டிக்கு நாற்காலி இல்லாததே அதன் காரணம்.

ஆகவே ரயில் சிறுநகரங்களை வளர்த்ததா என்ற பழைய கேள்வியை விட்டுவிடலாம். ரயில் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் போகிறது, வழியில் எந்தச் சிற்றூரில் நிற்கிறது, பூக்கூடைக்கும் ஆட்டுக்கும் பெட்டியில் இடம் உண்டா என்று கேட்கலாம். காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து மதுரைக்கு ஒரு சாதாரண வண்டி விட, புதிதாக மலையைக் குடைய வேண்டியதில்லை; இரவில் பெட்டிகள் போடியில் நின்றால் போதும். 1928இல் மலையின் தேயிலைக்காகப் போட்ட பாதையை இந்த மேட்டு மக்களுக்கான பாதையாக மாற்ற இனி இரும்பு தேவையில்லை. தேவைப்படுவது கால அட்டவணையில் ஒரு வரி.